மழையை எண்களில் தேடிய கில்பர்ட் வோக்கர்

உயர்தர வகுப்பில் புவியியல் கற்கும் தோழியர் வோக்கர் சுற்றோட்டம் என்ற பெயரைப் பரீட்சைக்காகப் பலமுறை எழுதிப் பார்த்திருப்பார்கள். பசுபிக் சமுத்திரத்தின் மேலாகக் கிழக்கு மேற்காகச் சுழலும் மாபெரும் காற்றோட்டத்தின் பெயர் அது. அந்தப் பெயருக்குரிய மனிதர் யார் என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. இணைந்த கணிதம் கற்கும் எனக்கு அவரைப் பற்றி அறிய ஆவல் எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவர் காலநிலை படித்தவர் அல்லர், கணிதம் படித்தவர். கடலுக்கும் மழைக்கும் உள்ள உறவை அவர் கப்பலில் போய்த் தேடவில்லை. மலையுச்சி அலுவலகம் ஒன்றில் இருந்துகொண்டு எண்களுக்குள்ளே தேடினார். தேடியதில் பாதி அவருக்குக் கிடைத்தது. மீதிப் பாதி அவர் மறைந்த பின்னரே உலகுக்குக் கிடைத்தது. அந்தக் கதையையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

கணித மாணவன்

கில்பர்ட் தோமஸ் வோக்கர் 1868 ஜூன் 14 ஆம் திகதி இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் பிறந்தார். தந்தையார் ஒரு பொறியியலாளர். இலண்டனில் சென் போல்ஸ் பாடசாலையில் கற்ற பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் திரினிற்றிக் கல்லூரியில் சேர்ந்தார். 1889 இல் கணிதத்துக்கான இறுதிப் பரீட்சையில் முழுப் பல்கலைக்கழகத்திலும் முதலிடம் பெற்றார். அவ்வாறு முதலிடம் பெறுபவரை சீனியர் ராங்ளர் என அழைப்பார்கள். அக்கால இங்கிலாந்தில் அது பெரும் கௌரவம்.

அந்தக் கௌரவத்துக்கு அவர் கொடுத்த விலையும் பெரியது. இரவு பகலாகப் படித்ததில் உடல்நலம் கெட்டது. மூன்று குளிர்காலங்களை சுவிற்சர்லாந்தில் கழித்தே உடல் தேறினார். அங்கு பனிச்சறுக்கு நடனத்தில் தேர்ச்சி பெற்றார் என்பது வேறு விடயம். பரீட்சை நெருங்கும்போது உணவையும் உறக்கத்தையும் மறக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பகுதி நன்றாகவே விளங்கும்.

அவருக்கு இன்னும் சில விருப்பங்கள் இருந்தன. அவுஸ்திரேலியப் பழங்குடி மக்கள் எறியும் பூமராங் ஏன் எறிந்தவரிடமே திரும்பி வருகிறது என்று ஆராய்ந்து 1897 இல் கட்டுரை வெளியிட்டார். கல்லூரிக்குப் பின்புறத்துப் புல்வெளியில் அதைத் தானே எறிந்து பார்ப்பார். அதனால் நண்பர்கள் அவரை பூமராங் வோக்கர் என்றே அழைத்தார்கள். புல்லாங்குழலின் அமைப்பையும் பறவைகள் சிறகசைக்காமல் வானில் மிதப்பதையும் அவர் ஆராய்ந்தார். இவை யாவும் காற்றோடு தொடர்புடையவை. ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் தொடரப்போகும் காற்று வேறொன்று என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

பஞ்சம் கேட்ட கேள்வி

அந்தக் காற்று தென்மேல் பருவக்காற்று. அது பொய்த்தால் என்ன நடக்கும் என்பதை 1876 முதல் 1878 வரை இந்தியா கண்டது. தமிழில் அதைத் தாது வருடப் பஞ்சம் என்பார்கள். மில்லியன் கணக்கான மக்கள் மாண்டார்கள். பசி தாங்காமல் தென்னிந்தியத் தமிழர் பலர் கடல் கடந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்ததும் அக்காலத்திலேதான். மழை தவறுமா என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா என்று ஆட்சியாளர் கேட்கத் தொடங்கினர்.

1875 இல் அமைக்கப்பட்ட இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்ட், இமயமலையில் பனி கூடுதலாகப் பெய்த ஆண்டுகளில் பருவமழை குறைவதைக் கவனித்தார். 1886 ஜூன் 4 ஆம் திகதி முதலாவது அதிகாரபூர்வப் பருவமழை எதிர்வுகூறல் வெளியிடப்பட்டது. அவருக்குப் பின்வந்த சேர் ஜோன் எலியட் அதை இன்னும் விரிவாக்கினார். ஆனால் 1899 இல் நல்ல மழை பெய்யும் என்று அவர் கூறியிருக்க, கடும் வரட்சி வந்தது. மீண்டும் பஞ்சம். பத்திரிகைகள் கடுமையாகத் தாக்கின. அதன் பின்னர் சில ஆண்டுகள் எதிர்வுகூறல்கள் பொதுமக்களுக்கு வெளியிடப்படாமல் அரசாங்கத்துக்கு மட்டும் இரகசியமாக வழங்கப்பட்டன.

எலியட் தமக்குப் பின்னர் அந்தப் பதவிக்கு ஒரு கணித வல்லுநரே வர வேண்டும் என விரும்பினார். அப்படித்தான் வானிலை அலுவலகத்தில் ஒருநாளும் பணியாற்றாத வோக்கர் 1904 இல், தமது 35 ஆவது வயதில், இமயமலைச் சாரலிலுள்ள சிம்லாவில் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் றோயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் தெரிவானார்.

எண்களின் மலை

கணித வல்லுநர் என்றால் சமன்பாட்டைத் தீர்த்து மழையைச் சொல்லிவிடுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். வோக்கர் அப்படிச் செய்யவில்லை. வளிமண்டலம் மிகச் சிக்கலானது, அதைச் சமன்பாட்டில் அடக்கும் அறிவு இன்னும் வரவில்லை என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். அதற்குப் பதிலாக, உலகின் எந்த மூலையில் நடக்கும் எந்த மாற்றம் இந்தியாவின் மழைக்கு முன்னறிகுறியாக அமைகிறது என்று தரவுகளிடமே கேட்கத் துணிந்தார்.

அதற்கு அவர் பயன்படுத்திய கருவி இணைபுக் குணகம். இரண்டு விடயங்கள் எவ்வளவு தூரம் சேர்ந்து கூடுகின்றன, குறைகின்றன என்பதை மறை ஒன்றுக்கும் நேர் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணால் சொல்லும் முறை அது. ஒரு வகுப்பு மாணவியரின் கணிதப் புள்ளிகளையும் பௌதிகவியல் புள்ளிகளையும் எடுத்து இதைக் கணித்துப் பார்க்கலாம். முப்பது பேருக்குக் கணிப்பதற்கே எனக்கு ஒரு மாலைப்பொழுது தேவைப்பட்டது. அதுவும் கணிப்பான் கையில் இருக்கும்போது! வோக்கர் உலகெங்குமுள்ள அவதான நிலையங்களின் பல்லாண்டுத் தரவுகளுக்கு, ஒவ்வொரு பருவத்துக்கும், ஒவ்வொரு சோடிக்கும் இதைச் செய்யவேண்டியிருந்தது. கணினி இல்லாத காலம். முதலாம் உலகப்போர் அலுவலகத்தின் வெள்ளையின ஊழியர்களைக் களத்துக்கு அழைத்துச் சென்றபோதும், இந்திய எழுதுவினைஞர்களின் கைகளே அந்தக் கணக்குகளைத் தொடர்ந்து போட்டன. அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் இன்று பேசப்படுவதில்லை. வோக்கரின் வரலாற்றைச் சொல்லும்போது அவர்களையும் நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கு ஓர் ஆபத்தும் இருந்தது. நூறு மாணவியரிடம் ஆளுக்கொரு நாணயத்தைக் கொடுத்து ஐந்து தடவை சுண்டச் சொன்னால், ஒருசிலருக்கு ஐந்து முறையும் தலையே விழும். அதைக் கண்டு அவர்களுக்கு விசேட சக்தி உண்டு என்று நாம் நம்பிவிடக் கூடாது. அதேபோல நூற்றுக்கணக்கான குணகங்களைக் கணித்தால் அவற்றுள் சில தற்செயலாகவே பெரிதாக அமையும். 1914 அளவிலேயே வோக்கர் இதைக் கணித ரீதியாக எடுத்துக்காட்டினார். அதிகமாகத் தேடுபவர் அதிகமாகச் சந்தேகிக்கவும் வேண்டும் என்பது அவரது விதி. சூரியப் புள்ளிகள்தான் மழையைத் தீர்மானிக்கின்றன என்ற அக்கால நம்பிக்கையையும் அவர் இவ்வாறு சோதித்து, அந்த உறவு எதிர்வுகூறலுக்குப் போதாத அளவு பலவீனமானது எனக் கண்டார்.

ஒரு கடிதம்

அவரது வாழ்க்கையில் தமிழ் வாசகர் அறிந்திருக்க வேண்டிய ஒரு சிறு நிகழ்வு உண்டு. 1913 ஆம் ஆண்டு வோக்கர் அலுவல் நிமித்தம் சென்னை சென்றிருந்தார். அங்கு துறைமுக அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் பணிபுரிந்த ஓர் இளம் எழுதுவினைஞரின் கணிதக் குறிப்புகளைத் துறைமுகத் தலைவர் அவரிடம் காட்டினார். அந்த இளைஞர்தான் சீனிவாச இராமானுஜன். பெப்ரவரி 26 ஆம் திகதி வோக்கர் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கணிதப் பிரிவு தமது துறை அல்ல என்பதால் இளைஞரின் எதிர்காலப் புகழைத் தம்மால் உறுதியாக மதிப்பிட முடியாது என்பதை அதில் மறைக்காமல் கூறினார். ஆயினும் அவரது ஆற்றல் கேம்பிரிட்ஜ் கல்லூரி ஆய்வாளர் ஒருவருக்கு ஒப்பானது என்றும், கவலையின்றிக் கணிதம் செய்ய அவருக்கு வழிசெய்வது நியாயம் என்றும் பரிந்துரைத்தார். சில வாரங்களில் இராமானுஜனுக்கு மாதம் எழுபத்தைந்து ரூபாய் புலமைப்பரிசில் கிடைத்தது. தெரிந்ததை எவ்வளவு தெரியும் என்ற அளவோடு சொல்வதே வோக்கரின் குணம். மழை விடயத்திலும் அவர் அப்படியே நடந்துகொண்டார்.

கடலுக்கு மேலே ஒரு தராசு

இருபது ஆண்டுத் தேடலின் பயனாக எண்களுக்குள் ஒரு வடிவம் தெரிந்தது. பசுபிக் சமுத்திரத்தின் கிழக்குப் பகுதிகளில் வளியமுக்கம் உயரும்போது இந்து சமுத்திரப் பகுதியில் அது தாழ்கிறது. அங்கு தாழும்போது இங்கு உயர்கிறது. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள இரு தட்டுகளைக் கொண்ட ஒரு தராசு போல. ஹொனலூலு, சமோவா, டார்வின், பட்டேவியா, சந்தியாகோ என ஒன்றையொன்று அறியாத ஊர்களின் அமுக்கமானிகள் ஒரே கதையின் வெவ்வேறு வரிகளை எழுதிக்கொண்டிருந்தன. இந்தியாவின் பருவமழையும் நைல் நதியின் வெள்ளமும்கூட அதே தராசோடு ஆடின.

1924 இல் வோக்கர் இதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். அவ்வாறே வட அத்திலாந்திக் அலைவு, வட பசுபிக் அலைவு என இன்னும் இரண்டையும் இனங்கண்டார். அதே ஆண்டு சேர் பட்டத்துடன் ஓய்வுபெற்று இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானிலையியல் பேராசிரியரானார். உலக வானிலை என்ற தலைப்பில் கட்டுரைகளைத் தொடர்ந்து எழுதினார்.

எனினும் அவர் சிம்லாவுக்கு வந்த நோக்கம் நிறைவேறவில்லை. பருவமழையை நம்பிக்கையோடு முன்னறிவிக்க அவரது சூத்திரங்கள் போதவில்லை. தராசு ஆடுகிறது என்று காட்டினாரே தவிர, அதை ஆட்டுவது எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. உயரத்து வளிமண்டலத்தின் தரவுகள் கிடைக்கும்போது விடை வரலாம் என்று எண்ணினார். காரணம் தெரியாமல் எண்களை மட்டும் நம்பலாமா என்று பலர் கேட்டார்கள். பின்னாளில் அதே இந்தியத் துறைக்குத் தலைமை தாங்கிய சார்லஸ் நோர்மண்ட் ஒரு விசித்திரத்தையும் சுட்டிக்காட்டினார். தராசைப் பார்த்துப் பருவமழையைச் சொல்வதைவிட, பருவமழையைப் பார்த்துத் தராசு அடுத்து எப்படி ஆடும் எனச் சொல்வதே இலகுவாக இருந்தது!

வோக்கர் 1958 நவம்பர் 4 ஆம் திகதி தமது 90 ஆவது வயதில் காலமானார். உலக வானிலைக்கு ஒரு கோட்பாடு பிறக்க வழிசெய்யலாம் என்ற அவரது நம்பிக்கை பலிக்கவில்லை போலிருக்கிறது என்ற கருத்திலேயே வானிலையியல் சஞ்சிகையொன்று அவருக்கு இரங்கற் குறிப்பு எழுதியது.

கடல் சொன்ன விடை

அந்தக் குறிப்பு எழுதப்பட்ட காலத்திலேயே விடை கடலில் மிதந்துகொண்டிருந்தது. 1957, 1958 ஆம் ஆண்டுகள் சர்வதேச புவிப்பௌதிகவியல் ஆண்டாகக் கொண்டாடப்பட்டதால் கடலிலும் தீவுகளிலும் வழமையைவிடக் கூடுதலான அளவீடுகள் எடுக்கப்பட்டன. தற்செயலாக அதே காலத்தில் ஒரு பெரிய எல்நினோவும் வந்தது. பெரு நாட்டு மீனவர்கள் நத்தார் காலத்தை ஒட்டித் தமது கரைக்கு வரும் வெப்ப நீரோட்டத்துக்கு நெடுங்காலமாகச் சூட்டியிருந்த பெயர் அது. வந்த நீர் சூடாக இருந்தால் மீன்பாடு குறையும். அவர்களுக்குக் கடல் தெரியும். தென் அலைவு தெரியாது. வோக்கருக்குத் தென் அலைவு தெரியும். அந்தக் கடலின் சூடு தெரியாது.

இரண்டையும் இணைத்தவர் நோர்வேயைச் சேர்ந்த வானிலை அறிஞர் ஜேக்கப் பியர்க்னெஸ். வழமையான காலத்தில் வியாபாரக் காற்று பசுபிக்கின் மேற்பரப்பு நீரை மேற்கே தள்ளுகிறது. இந்தோனேசியாவைச் சுற்றிச் சூடான நீர் குவிகிறது. பெருவின் கரையில் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. சூடான நீரின் மேல் வளி எழுந்து மழை பெய்கிறது; பின்னர் அது உயரத்தில் கிழக்கே சென்று குளிர்ந்த நீரின் மேல் இறங்குகிறது. காற்றுத் தளர்ந்தால் சூடான நீர் கிழக்கே பரவுகிறது. நீர் பரவினால் காற்று மேலும் தளர்கிறது. கடலும் காற்றும் ஒன்றையொன்று பிடித்து ஆட்டுகின்றன. 1969 இல் பியர்க்னெஸ் இதை விளக்கியபோது அந்தக் காற்றோட்டத்துக்கு வோக்கரின் பெயரைச் சூட்டினார். வோக்கர் மறைந்து அப்போது பதினொரு ஆண்டுகள் கடந்திருந்தன.

எதிர்வுகூறலுக்கு இதனால் புதிய பாதை திறந்தது. இன்றைய காற்றின் நிலை இரண்டு வாரங்களுக்குப் பின்னர் ஏறக்குறைய மறந்துபோகும். கடல் அப்படியல்ல. மேல்மட்டத்து மூன்று மீற்றர் ஆழமான நீர் மட்டுமே அதற்கு மேலுள்ள வளிமண்டலம் முழுவதற்கும் ஈடான வெப்பத்தைத் தாங்கவல்லது. ஆகவே அது மெதுவாகச் சூடாகி, மெதுவாகக் குளிர்கிறது. கடல் மேற்பரப்பு வெப்பநிலை இன்னும் சில மாதங்களில் எப்படி மாறும் என்று கணித்தால், அந்தப் பருவத்தின் மழை எந்தப் பக்கம் சாயும் என்பதையும் ஓரளவு சொல்லலாம்.

ஆனால் கடலைக் கணிக்க முதலில் அளக்க வேண்டும். 1982 இல் தொடங்கிய பெரும் எல்நினோ, அது வந்து வெகுநாட்கள் சென்ற பின்னரே அறிஞர்களுக்குத் தெரியவந்தது. மெக்சிக்கோவின் எல் சிச்சோன் எரிமலை கக்கிய துகள்கள் செய்மதிகளின் கண்ணை மறைத்திருந்தன. அந்தப் பாடத்துக்குப் பின்னர் பசுபிக்கின் மத்தியகோட்டுப் பகுதியில் ஏறத்தாழ எழுபது மிதவைகள் நங்கூரமிடப்பட்டன. 1994 இல் அந்த வேலை முடிந்தது. இன்று ஆர்கோ எனப்படும் தானியங்கி மிதவைகள் சுமார் நாலாயிரம் உலகக் கடல்களில் அலைகின்றன. ஒவ்வொன்றும் பத்து நாட்களுக்கு ஒருமுறை இரண்டாயிரம் மீற்றர் ஆழத்திலிருந்து மேலெழுந்து தனது அளவீடுகளை அனுப்புகிறது. 1986 இல் மார்க் கேன், ஸ்டீபன் செபியாக் ஆகியோர் கடலையும் காற்றையும் இணைத்த கணினி மாதிரியால் ஓர் எல்நினோவை முதன்முறையாக முன்கூட்டிக் கூறினர். வோக்கரின் எழுதுவினைஞர்களுக்குப் பல ஆண்டுகள் எடுத்த கணக்கை இன்று கணினி சில வினாடிகளில் முடித்துவிடுகிறது.

நமது வயல்களுக்கு

இவையெல்லாம் தூரத்துக் கதைகள் அல்ல. எல்நினோ ஆண்டுகளில் இலங்கையில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை கூடுவதும், அதன் பின்னர் ஜனவரி முதல் மார்ச் வரை குறைவதும் ஆய்வுகளில் கண்ட போக்கு. நமக்கு அருகிலுள்ள இந்து சமுத்திரத்துக்கும் ஒரு தராசு உண்டு என்று 1999 இல் அறிஞர்கள் விவரித்தார்கள். 2016 இல் அந்தத் தராசு கிழக்கே சாய்ந்து, சுமாத்திராப் பக்கம் கடல் சூடேறியபோது நமது பெரும்போக மழை பொய்த்தது. அப்போது நான் ஆரம்பப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாப்பா கிழக்கு மாகாணத்தில் ஐந்து ஏக்கர் வயல் செய்பவர். அந்த வருடம் குளத்தில் நீர் இல்லாமல் வயலில் பாதிக்கு மேல் விதைக்கவில்லை. விதைத்ததும் கருகியது. உம்மாவின் காப்புகள் அடகுக்குப் போனது அப்போதுதான்.

இப்போது பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டங்களில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் பருவகால எதிர்வுகூறலும் பேசப்படுவதாக வாப்பா சொல்கிறார். அது மழை பெய்யும், பெய்யாது என்று அறுதியிட்டுக் கூறாது. சராசரிக்குக் குறைவாக, சராசரியாக, சராசரிக்குக் கூடுதலாகப் பெய்வதற்கான வாய்ப்புகளையே கூறும். சிலர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் எதற்குச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். ஆனால் மழை குறைய வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் மூன்றரை மாத நெல்லை விட்டு மூன்று மாத நெல்லை விதைக்கலாம். குளத்து நீரைப் பங்கிடுவதை முன்கூட்டியே பேசலாம். கடனுக்கு எவ்வளவு உரம் வாங்குவது என்று யோசிக்கலாம். ஒரு குடும்பத்தின் காப்புகள் கையிலேயே இருக்க அதுவே போதுமாயிருக்கலாம். மீதியை இறைவனிடம் ஒப்படைக்கிறோம்.

1899 இல் தவறாக உறுதியளித்ததால் மக்கள் நம்பிக்கை இழந்தார்கள். வோக்கர் வந்து, எவ்வளவு தெரியும் என்பதையும் எண்ணாலேயே சொல்லலாம் என்று காட்டினார். இன்றைய எதிர்வுகூறல் வாய்ப்புகளாக வருவதில் அவரது நேர்மையும் கலந்திருப்பதாகவே நான் கருதுகிறேன். கணிதத்தால் என்ன பயன் என்று என்னிடம் கேட்கும் தங்கையருக்கு நான் இனி இந்தக் கதையைச் சொல்வேன். நாங்கள் வீட்டில் எண்ணிப் பார்க்கும் நெல் மூடைகளுக்கும், உலகின் மறுகரையில் ஒரு கடலின் சூடு அரைப் பாகை ஏறுவதற்கும் உறவு உண்டு. அந்த உறவின் ஒரு முனையை முதலில் பிடித்துக் காட்டியவர், தான் பிடித்தது எதன் முனை என்பதை அறியாமலேயே மறைந்துபோன ஒரு கணித ஆசிரியர்.